மாநகர் ஆற்றுப்படை

சங்கத் தமிழர் கண்ட இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை தனிச்சிறப்பு வாய்ந்தது. பத்துப்பாட்டுள் சரிபாதியான ஐந்து பாடல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளமையே அதன் பெருமைக்குப் போதிய சான்றாகும். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, செல்லவேண்டிய வழி இன்னது, இடையே வரும் ஊர்கள் இன்னவை, அங்குக் கிடைக்கும் உணவு இன்னது என எடுத்துரைத்து வழிப்படுத்துவதே அதன் அமைப்பு. தான் பெற்ற பேற்றைப் பிறரும் பெறுதல் வேண்டும் என்னும் பரந்த உள்ளமே அவ்விலக்கியத்தின் உயிர்நாடி எனலாம்.

அப்பாடல்களில் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எதிர்வரும் வறியவன் வாய்திறந்து வழி கேட்பதில்லை. அறிந்தவனே வலிய அழைத்துச் சொல்கின்றான். கேளாமலே வழி சொல்லும் அத்தகைய உலகில் நாம் இன்று வாழவில்லை. இன்றைய மாநகருள் புதிதாக நுழைபவர் கேட்டே ஆகவேண்டும். கேட்பதற்கோ பலருக்கு நாணம் தடையாகிறது. கற்றவர்க்கும், ஊரில் நால்வர் மதிக்க வாழ்ந்தவர்க்கும் அந்நாணம் இன்னும் மிகுதி. இத்தடையை மாநகரம் எவ்வாறு களைகின்றது என்பதை மும்பையில் சில வாரங்கள் வாழ்ந்து நாம் கண்டறிந்தோம். அதனை மாணவச் செல்வங்களுக்கும் பெரியோர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயணத்தின் காரணம்

2023-ஆம் ஆண்டு நம் தமையனாருக்குத் தொண்டையில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. ஊரில் வழக்கு வம்பு எதுவாயினும் இரு தரப்பாரையும் அமர்த்திப் பேசித் தீர்த்து வைப்பவர் அவர். முப்பது ஆண்டுகளாக ஊர் கேட்ட குரல் அவருடையது. அக்குரலே கம்மிப்போய், அருகில் அமர்ந்திருப்பவர்க்கு மட்டுமே கேட்கும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. நம் குடும்ப மருத்துவரின் அறிவுரையாலும், மும்பைத் தாராவியில் தங்க இடம் தர மைத்துனர் முறையாகும் உறவினர் ஒருவர் இருந்தமையாலும், பரேல் பகுதியில் 1941-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்வதென முடிவாயிற்று.

ஆகஸ்டு முதல் வாரத்தில் மும்பை சேர்ந்தோம். சோதனைகளுக்கே இரண்டு வாரம் கழிந்தது. அதன்பின், வாரத்திற்கு ஐந்து நாளாக ஏழு வாரம் கதிர் மருத்துவம் செய்தல் வேண்டும் என்றனர். நமக்கோ கல்லூரியில் மூன்று வார விடுப்பே கிடைத்திருந்தது. தமையனாரின் மகன் வளைகுடா நாட்டில் பணியில் இருந்தார். மைத்துனர் விடியுமுன் தொழிற்கூடம் செல்பவர். ஆகவே, நாம் ஊர் திரும்பிய பின்னர்த் தமையனார் நாள்தோறும் தனியே மின்தொடர்வண்டியில் சென்றுவர வேண்டியிருந்தது. ஆங்கிலம் சிறிது, இந்தி அதனினும் சிறிது, குரலோ எழாது. எவரிடமும் எதனையும் கேட்டுப் பழகாத இயல்பு வேறு. எஞ்சியிருந்த சில நாள்களுக்குள் மாநகரின் வழிகளை அவர் கற்றாக வேண்டும். கற்றுத்தர வேண்டிய நாமோ, அவரைப் போலவே அந்நகருக்குப் புதியவர்.

நகரின் உருவம்

ஒரு நகரில் நடமாட விரும்புவோர் முதலில் அதன் உருவத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுதல் நலம். மும்பையின் பழைய நகரப்பகுதி முன்னாளில் ஏழு தீவுகளாக இருந்தது. 1661-ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின்படி போர்ச்சுக்கல் நாடு அதனை இங்கிலாந்து மன்னருக்குச் சீராக அளித்தது. 1668-இல் மன்னர் அதனை ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் குழுமத்திடம் ஒப்படைத்தார். பின்வந்த காலத்தில் தீவுகளுக்கு இடைப்பட்ட கடற்பகுதிகள் மண்ணிட்டுத் தூர்க்கப்பெற்று, தெற்கு வடக்காக நீண்டு ஒடுங்கிய ஒரே நிலமாக நகரம் உருப்பெற்றது. அலுவலகங்கள் தென்கோடியில் நிறைந்தன. மக்கள் வடக்கு நோக்கிக் குடியேறினர். எனவே காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் மக்கள் வெள்ளம் பாய்கின்றது. இவ்வொன்றை அறிந்துகொண்டாலே நகரின் பாதி விளங்கிவிடும்.

இந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1853 ஏப்ரல் 16 அன்று இந்நகரின் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு ஓடிற்று. முதல் மின்தொடர்வண்டியும் 1925 பிப்ரவரி 3 அன்று இங்கிருந்தே குர்லாவுக்குப் புறப்பட்டது. இன்று நாள்தோறும் ஏறத்தாழ 70 இலட்சம் மக்களைச் சுமக்கும் புறநகர்த் தொடர்வண்டிகள் பெரும்பாலும் மூன்று தடங்களில் இயங்குகின்றன. சர்ச்கேட்டிலிருந்து வடக்கே விரார் நோக்கிச் செல்வது மேற்குத் தடம். சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து தானே, கல்யாண் நோக்கிச் செல்வது மத்தியத் தடம். அதே முனையத்திலிருந்து பன்வேல் நோக்கிச் செல்வது துறைமுகத் தடம். மேற்குத் தடமும் மத்தியத் தடமும் கைகோக்கும் இடம் தாதர். புதியவர் முதலில் மனப்பாடம் செய்யவேண்டிய பெயர் இதுவே.

தமையனாருக்கு இதனை ஒரு தாளில் மூன்று கோடுகளாக வரைந்து காட்டினோம். அவர் செல்லவேண்டிய வழி அத்தாளில் ஒரு விரற்கடை நீளமே இருந்தது. சயான், மாட்டுங்கா, தாதர், பரேல் என ஏறும் நிலையத்தோடு நான்கே நிலையங்கள். அதனைக் கண்டு, "இவ்வளவுதானா, தம்பி?" என்றார். நோய் தெரிந்த நாள்முதல் அவர் முகத்தில் நாம் கண்ட முதல் தெளிவு அது.

பெயரும் எண்ணும்

தாளில் எளிதாக இருப்பது தரையில் எளிதாக இருப்பதில்லை. தமிழகத்திலிருந்து செல்லும் வண்டிகள் சில வந்துசேரும் லோகமான்ய திலக் முனையத்தைப் பலரும் குர்லா முனையம் என்றே அழைப்பர். ஆயின் குர்லா புறநகர் நிலையம் வேறு, அம்முனையம் வேறு. இரண்டுக்கும் இடையே மூட்டை முடிச்சுகளோடு செல்லவேண்டிய தொலைவு உண்டு. வந்திறங்கிய அன்று வாடகை வண்டிக்காரர் ஒருவர், நம் நிலையறிந்து, பன்மடங்கு கட்டணம் பெற்றுக்கொண்டு, சேரவேண்டிய தெருவுக்கு நெடுந்தொலைவு முன்பே இறக்கிவிட்டுச் சென்றார். எவ்வூரிலும் அத்தகையோர் உளர். அவ்விடத்திலேயே தேநீர்க்கடை நடத்திய முதியவர் ஒருவர், தம் கடைச் சிறுவனை அனுப்பி நம்மை வீடு சேர்ப்பித்ததையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

நிலையங்களின் பெயர்களும் புதியவர்க்குக் குழப்பம் தருவனவே. ஆங்கிலத்தில் சயான் என்றிருப்பது மராத்தியில் 'சீவ்' என்றிருக்கும். எல்லை என்னும் பொருள்தரும் சொல் அது. பழைய நகரத்தீவு அங்கு முடிந்தமையால் வந்த பெயர் என அறிந்தபோது, தமிழாசிரியர் என்ற முறையில் நாம் மகிழ்ந்தோம். இன்றும் ஆட்டோக்கள் சயானையும் மேற்கே பாந்திராவையும் கடந்து தென்னகருக்குள் செல்ல இசைவில்லை. அங்கு வாடகைக் கார்களே ஓடும். பழைய பெயர் இன்றும் ஒருவகையில் எல்லை காத்து நிற்கின்றது.

பெயர்மாற்றங்களும் பல. விக்டோரியா முனையம் 1996-இல் சத்ரபதி சிவாஜி முனையமாயிற்று. 2017-இல் 'மகாராஜ்' என்னும் சொல்லும் சேர்ந்தது. முதியோர் பலர் இன்னும் வி.டி. என்றே சொல்கின்றனர். எல்பின்ஸ்டன் சாலை நிலையம் 2018-இல் பிரபாதேவி ஆயிற்று. ஆகவே வழி கேட்போர் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் நாவில் வைத்திருத்தல் நன்று. 'பெஸ்ட்' எனப்படும் நகரப் பேருந்துகளின் முகப்பில் தடஎண் தேவநாகரி எண்களில் எழுதப்பெற்றிருக்கும். அவ்வெண்களை அறியாதவர் பேருந்து தம்மைக் கடந்த பின்னரே அது தம்முடையது என உணர்வர். அவ்வெண்கள் பத்தையும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டோம். கற்றுத்தந்தவள் மைத்துனரின் நான்காம் வகுப்புப் படிக்கும் மகள்.

தாதர் நிலையத்தில் அப்போது முதல் நடைமேடை இரண்டு இருந்தன. மேற்குத் தடத்தினர் தம் நடைமேடைகளுக்கு ஒன்று முதல் எண்ணிட்டிருக்க, மத்தியத் தடத்தினரும் ஒன்று முதல் எண்ணிட்டிருந்தனர். நடைமேடை எண்ணை மட்டும் அறிந்து வந்தவர் எதிர்ப்புறத்தில் நின்று காத்திருப்பார். இவ்விடர் நீங்க, 2023 டிசம்பரில் மத்தியத் தடத்து நடைமேடைகளுக்கு 8 முதல் 14 வரை தொடர் எண்கள் இடப்பெற்றன. வண்டிகளிலும் விரைவு வண்டி, மெது வண்டி என இருவகை உண்டு. தாதரில் வடக்கு நோக்கிய விரைவு வண்டியில் ஏறியவர்க்கு மாட்டுங்காவும் சயானும் கண்முன்னே கடந்து போகும். வண்டி குர்லாவில்தான் நிற்கும்.

பெட்டிக்குள் ஓர் அறம்

இவற்றையெல்லாம் நாம் சொல்லச் சொல்லத் தமையனார் கேட்டுக்கொண்டார். ஆயின் ஐயம் எழுந்தபோது பிறரிடம் கேட்க மட்டும் அவர் மனம் இசையவில்லை. குரல் இல்லாமை ஒரு காரணம். அறியாதவன் எனப் பிறர் எண்ணுவரே என்னும் கூச்சம் அதனினும் பெரிய காரணம். ஊரே தம்மிடம் வந்து கேட்கக் கண்டவர் அவர். நம் விடுப்பு முடிய ஐந்து நாள்களே இருந்த நிலையில், இதனை எண்ணி நாம் இரவில் உறக்கமின்றித் தவித்தோம்.

நம்மால் ஆகாததை அத்தொடர்வண்டி செய்து முடித்தது. நெரிசல் மிக்க பெட்டியில் வாயிலை நோக்கி நகர்வதற்கு அங்கொரு வழக்கம் உண்டு. பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரிடம், அடுத்த நிலையத்தில் இறங்குகின்றீர்களா என்று கேட்பார். ஆம் என்றால் அவர் பின்னே நிற்பார். இல்லை என்றால் இருவரும் இடம் மாறிக்கொள்வர். இவ்வாறு ஒவ்வொரு நிலையத்திற்கும் முன்னால் பெட்டி முழுதும் வினாவும் விடையுமாக நிரம்பும். இருக்கை வேண்டுவோரும் அமர்ந்திருப்போரை நோக்கி, நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என முன்கூட்டியே கேட்டுவைப்பர். மூவர் அமரும் பலகையில் நான்காமவர் ஒருவர் கேட்க, மூவரும் சற்றே நகர்ந்து விளிம்பில் இடம் தருவர். இருபது ஆண்டு பழகிய எழுத்தரும் கேட்கின்றார். நேற்று வந்த கூலித் தொழிலாளியும் கேட்கின்றார். இது விரைவு வண்டியா, மெது வண்டியா என நடைமேடையில் ஒருவர் கேட்க, விடை சொன்னவரே அடுத்த நொடியில் வேறொன்றை மற்றொருவரிடம் கேட்கின்றார். கேட்பது புதியவரின் குறை என்று நினைப்பவர், அப்பெட்டியில் ஒருநாள் பயணம் செய்தால் போதும். அம்மாநகரமே கேட்டுக் கேட்டுத்தான் நகர்கின்றது.

ஒருநாள் காலை தாதரைக் கடந்தவுடன், பின்னால் நின்ற இளைஞர் தமையனாரின் தோளை மெல்லத் தொட்டு, "பரேல்?" என்றார். தமையனார் தலையசைத்தார். பின்பு சிறிது தயங்கி, தமக்கு முன்னால் நின்றவரின் தோளைத் தாமும் அதேபோல் தொட்டார். குரல் எழவில்லை. கையை வாயில் நோக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவே வினா. முன்னால் நின்றவர் ஒன்றும் வியக்கவில்லை, இரங்கவும் இல்லை. ஆம் எனத் தலையசைத்துவிட்டு முன்போல் நின்றார். நம் தமையனார் தம் வாழ்நாளில் அறிமுகமில்லாத ஒருவரிடம் கேட்ட முதல் வினாவாக அது இருக்கலாம்.

மறுநாள் அவர் கையிலிருந்த மருத்துவமனைக் கோப்பைக் கண்ட பயணி ஒருவர், தாமே முன்வந்து ஒரு செய்தி சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பெற்ற பெட்டியில் புற்றுநோயாளிகளும் கருவுற்ற மகளிரும் பயணம் செய்யலாம், உரிய சான்றினைக் கையில் வைத்திருந்தால் போதும் என்பதே அச்செய்தி. அன்றுமுதல் தமையனார் அப்பெட்டியிலேயே சென்றார். மருத்துவத்திற்காக நெடுந்தொலைவு செல்லும் புற்றுநோயாளிக்குத் தொடர்வண்டியின் படுக்கை வகுப்பில் கட்டணம் முழுதும் விலக்கு உண்டு, உடன் செல்லும் ஒருவர்க்கு 75 விழுக்காடு சலுகை உண்டு என்பதையும் மருத்துவமனை வாயிலில் காத்திருந்த வெளியூர்க்காரர் ஒருவரே நமக்குச் சொன்னார். இச்செய்தி இவ்வூர்ப் பெரியோர் பலர்க்கும் என்றேனும் பயன்படக்கூடும் என்பதால் ஈண்டுக் குறித்துள்ளோம்.

நெரிசலும் மழையும்

மாநகரப் போக்குவரத்தின் இன்னல்களை மறைத்துப் பேசுதல் முறையாகாது. பரேலை அடுத்துள்ள எல்பின்ஸ்டன் சாலை நிலையத்து நடைபாலத்தில் 2017 செப்டம்பர் 29 அன்று மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் இராணுவத்தினர் அங்குப் புதிய நடைபாலம் அமைத்தனர். 2018 பிப்ரவரியில் அது திறக்கப்பெற்றது. இருப்புப்பாதையைக் குறுக்கே கடப்பதாலும், ஓடும் வண்டியிலிருந்து விழுவதாலும், பிற காரணங்களாலும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் மும்பைப் புறநகர்த் தடங்களில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே புதியவர் எத்துணை அவசரமாயினும் நடைபாலத்தையே நாடுதல் வேண்டும். ஒரு வண்டி போயின் மறுவண்டி சில நிமிடங்களில் வரும்.

மழைக்காலமோ தனிப்பாடம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசு வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. வண்டிகள் நின்றன. இலட்சக்கணக்கானோர் இடுப்பளவு நீரில் நடந்தே வீடு திரும்பினர். அன்று தாராவியிலிருந்து நடந்தவர்களுள் நம் மைத்துனரும் ஒருவர். சாலையோரக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் வெளிவந்து, எங்கே பள்ளம், எங்கே திறந்த சாக்கடை வாய் என்று கூவிக் கூவி எச்சரித்ததையும், முன்பின் அறியாதவர்க்குத் தேநீரும் ரொட்டியும் தந்ததையும் அவர் இன்றும் கண்கலங்கச் சொல்வார். அன்று எவரும் எவரிடமும் கேட்கவில்லை. அறிந்தவர் வலியச் சொன்னார். ஆற்றுப்படை அந்த ஒருநாள் மும்பைத் தெருக்களில் மீண்டும் பிறந்தது என நாம் கருதுகின்றோம்.

வழிப்போக்கர்

நம் சமுதாயப் பெரியோர்க்கு இந்நகரம் புதிதன்று. தமிழகத்து முஸ்லிம்கள் பலர் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றத் தொடர்வண்டியில் பம்பாய் சென்று, அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறிய காலம் ஒன்றிருந்தது. 1995-உடன் அக்கடற்பயணம் நின்றுபோயிற்று. கப்பலுக்காகக் காத்திருந்த நாள்களில் அவர்கள் தங்கியவை 'முசாபர்கானா' எனப்பெறும் விடுதிகள். முசாபர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணி என்று பொருள். கானா என்னும் பாரசீகச் சொல்லுக்கு இல்லம் என்று பொருள். நம் சத்திரமும் சாவடியும் அன்னவையே. ஸகாத்துப் பெறத் தகுதியுடையோர் எனத் திருமறை குறிக்கும் எண்வகையினருள் வழிப்போக்கரும் ஒருவராக வைக்கப்பெற்றுள்ளார். சொந்த ஊரில் செல்வராயினும் வழியில் இடருற்ற நிலையில் அவர் உதவிக்கு உரியவர் என அறிஞர் விளக்குவர். நம் தமையனாரை எண்ணும்போது அவ்விளக்கத்தின் நுட்பம் நமக்குப் புலனாயிற்று. ஊரில் அவர் பலர்க்கு நிழல் தந்தவர். சயான் நிலையத்திலோ அவரும் ஒரு வழிப்போக்கரே.

தாராவியும் அவ்வகையில் வந்தோரை வாழவைத்த இடந்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்காகச் சென்று குடியேறிய தமிழ் முஸ்லிம்களும், குசராத்திலிருந்து வந்த குயவர்களும், வடநாட்டுத் தையற்காரர்களும் அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றனர். அவர்களுள் ஒவ்வொருவரும், அல்லது அவர்தம் முன்னோரும், ஒருநாள் முகவரி எழுதிய தாளைக் கையில் ஏந்தி வழி கேட்டு நின்றவர்களே. தமையனாரிடம் அத்தெருவினர் காட்டிய பொறுமைக்கு இதுவே காரணம் போலும்.

தனியே சென்ற பயணம்

விடுப்பு முடிந்து நாம் ஊர் திரும்பினோம். முதல் நாள் காலை, பத்து மணிவரை வகுப்பில் நம் மனம் நிலைகொள்ளவில்லை. பின்பு தமையனாரிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. "பரேல் வந்துவிட்டேன். ஒருவரைக் கேட்டேன்" என்பதே அது. நாள்தோறும் அத்தகைய செய்திகள் தொடர்ந்தன. "இன்று மழை, வண்டி தாமதம்" என்றொரு நாள். "தொண்டை எரிகிறது; கஞ்சிதான்" என்றொரு நாள். ஐந்தாம் வாரத்தில் குரல் முற்றிலும் அடங்கிவிட்டது. கதிர் மருத்துவத்தின்போது அவ்வாறு நேர்வதுண்டு என மருத்துவர்கள் முன்னரே சொல்லியிருந்தனர். அந்நாள்களில் ஒரு சிறு அட்டையில் நிலையங்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, விரலால் சுட்டிக்காட்டியே சென்றுவந்தார்.

செப்டம்பர் இறுதியில் வந்த செய்தி சற்று நீண்டது. மருத்துவமனை வாயிலில் விழுப்புரம் பக்கத்து உழவர் ஒருவர் தம் மனைவியோடு திகைத்து நின்றாராம். தமிழ்ப்பேச்சைக் கேட்டுத் தமையனார் நெருங்கினாராம். பேச இயலாமையால், மூன்று கோடுகள் வரைந்த அத்தாளை எடுத்து விரித்து, அவர்கள் தங்கியிருந்த குர்லாவைச் சுட்டி, எவ்வண்டியில் ஏறவேண்டும் என எழுதிக்காட்டினாராம். இறுதியில், "தாளை அவர்களிடமே கொடுத்துவிட்டேன், எனக்கு இனி வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அச்செய்தியை நாம் துறைத்தலைவரிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அக்டோபரில் மருத்துவம் நிறைவுற்றது. இறையருளால் தமையனார் இன்று நலமாக உள்ளார். குரல் முழுமையாக மீளவில்லை எனினும் நால்வர் அமர்ந்து கேட்கும் அளவுக்கு வந்துள்ளது. மறுபரிசோதனைக்கு அவர் தனியே சென்று வருகின்றார். நம் வட்டாரத்திலிருந்து மும்பை செல்வோர் இப்போது முதலில் அவரைத்தான் வந்து காண்கின்றனர்.

மாணவர்க்குச் சில சொற்கள்

மும்பை மாறிக்கொண்டே இருக்கின்றது. நாம் சென்ற 2023-ஆம் ஆண்டிலேயே செப்டம்பரில் பழைய டீசல் மாடிப் பேருந்துகளும், அக்டோபரில் பிரீமியர் பத்மினி வாடகைக் கார்களும் ஓய்வு பெற்றன. 2014-இல் வெர்சோவாவுக்கும் காட்கோபருக்கும் இடையே முதல் மெட்ரோ தொடங்கிற்று. ஆரே பகுதியிலிருந்து நகரின் தென்கோடியாகிய கப் பரேடு வரை நிலத்தடியில் செல்லும் தடம் 2024 அக்டோபரில் தொடங்கி 2025 அக்டோபரில் முழுமையுற்றது. 5 ரூபாயாக இருந்த குறைந்த அளவுப் பேருந்துக் கட்டணம் 2025 மே மாதம் 10 ரூபாயாயிற்று. வண்டி வரும் நேரத்தையும் செல்லும் வழியையும் கைப்பேசி காட்டிவிடுகின்றது. அதனைப் பயன்படுத்துதல் அறிவுடைமையே. ஆயினும் நோயாளிக்குரிய பெட்டி எது என்று கோப்பைக் கண்டு தாமே சொன்னவர் ஒரு மனிதர் என்பதை மறவாதீர்.

மேற்படிப்புக்கும் வேலைக்கும் பெற்றோரின் மருத்துவத்திற்குமாக நீங்கள் பல மாநகரங்களுக்குச் செல்வீர்கள். செல்லுமுன் நகரின் உருவத்தைத் தாளில் ஒருமுறை வரைந்து பாருங்கள். அவ்வூர் எண்களையும் நான்கு வழக்குச் சொற்களையும் கற்றுக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் தயங்காது கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு கடமையும் உங்களுக்கு உண்டு. நம் கல்லூரி வாயிலில் உள்ள பேருந்து நிறுத்தத்தில் நாள்தோறும் வெளியூரார் பலர் வந்திறங்குகின்றனர். மாவட்ட மருத்துவமனைக்கு வழி தெரியாமல் தாளும் கையுமாக நிற்போர் அவர்களுள் உளர். வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நம் மொழி அறியாது மருண்டு நிற்பதையும் காண்கின்றோம். ஆற்றுப்படையைத் தேர்வுக்குப் படிக்கும் நம் மாணவர்கள், அவர்கள் வாய்திறக்கும்வரை காத்திராமல், தாமே அருகில் சென்று எங்கே போகவேண்டும் என்று கேட்பார்களாக.